தண்ணீரில் நிற்கும் தராசு

இங்கிலாந்துத் தூண்டில்காரர்களைப் பாடாய்ப் படுத்தும் மீன் எது என்று கேட்டால், கூர்ப்பல் நிறைந்த பைக் மீனையோ துள்ளி ஓடும் ட்ரவுட்டையோ சொல்ல மாட்டார்கள். குருசியன் கெண்டையைத்தான் சொல்வார்கள். பொன்னிறம், வட்டமான உடல், சாதுவான குணம். ஒரு கிலோவைத் தொட்டாலே பெரிய மீன் என்று பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். கிராமத்துக் குளங்களிலும் பழைய பண்ணைக் குட்டைகளிலும் வாழும் இந்த மீன் இரையை வாய்க்குள் இழுக்கும், உருட்டிப் பார்க்கும், பிடிக்காவிட்டால் துப்பிவிடும். இவ்வளவும் நடந்து முடிந்திருக்கும். மேலே தக்கை ஓர் அரிசி நீளம்கூட இறங்கியிருக்காது. முள்ளில் கோத்த புழு சப்பிய தோலாகத் திரும்பி வரும்போதுதான் மீன் வந்து போனதே தெரியும்.

ஆற்றில் நிலைமை வேறு. அங்கே இரை மிதந்து கடந்துவிடும். எடுத்தால் இப்போதே எடுக்க வேண்டும், எடுத்ததும் நீரோட்டத்தை எதிர்த்துத் தன் இடத்துக்குத் திரும்ப வேண்டும். ஆகவே இழுப்பு பலமாக இருக்கும், தக்கை சடாரென்று மறையும். தேங்கிய நீரில் அந்த அவசரம் இல்லை. இரை தரையில் கிடக்கிறது, எங்கும் போகாது. மீனும் நின்ற இடத்தில் நின்றபடியே சாப்பிடலாம்.

கெண்டை இன மீன்கள் எப்படிச் சாப்பிடுகின்றன என்பதைப் பார்த்தால் தூண்டில்காரரின் சிக்கல் இன்னும் தெளிவாகும். இவற்றுக்குத் தாடையில் பல் கிடையாது. பற்கள் தொண்டைக்குள் இருக்கின்றன. வாய் இரையைக் கவ்வுவதில்லை, உறிஞ்சுகிறது. உதடுகளை முன்னே நீட்டி, வாய்க்குழியைச் சட்டென்று விரிக்கும்போது உள்ளே அழுத்தம் குறைகிறது. வெளியே இருக்கும் நீர் பாய்ந்து உள்ளே போகிறது. இரையும் அதோடு போகிறது. ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் முடிந்துவிடும் வேலை இது. அந்த உறிஞ்சலின் வீச்சும் மிகக் குறைவு: வாயின் விட்டத்தளவு தள்ளிப்போனாலே நீரின் வேகம் சில சதவீதமாகச் சுருங்கிவிடுகிறது. எனவே மீன் இரைக்கு மூக்கு உரசும் தூரம் வந்துதான் உறிஞ்சும். இரை நகரும் தூரம் ஓரிரு சென்டிமீட்டர். அதன் பிறகு மேலண்ணத்தில் உள்ள சதைப்பற்றான சுவை உறுப்பு மண்ணையும் கல்லையும் உணவையும் பிரிக்கிறது. வேண்டாதது வாய் வழியே வெளியே வந்துவிடுகிறது. முள் இருப்பது தெரிந்தாலும் அதே கதைதான்.

ஆக, தக்கை மேலே நமக்குச் சொல்ல வேண்டிய செய்தி இந்த ஓரிரு சென்டிமீட்டர் நகர்வும் சில மில்லிகிராம் எடை மாற்றமும் மட்டுமே. அதைச் சொல்லும் கருவியைத்தான் ஐரோப்பியத் தூண்டில்காரர்கள் கோல்தக்கை என்ற பெயரில் நுணுக்கமாக வளர்த்தெடுத்திருக்கிறார்கள்.

கோல் என்பது ரீல் இல்லாத நீண்ட கழி. கார்பன் இழையால் செய்த குழாய்த் துண்டுகளை ஒன்றோடொன்று செருகி 11 மீட்டர், 13 மீட்டர், ஏன், 16 மீட்டர் வரைகூட நீட்டலாம். நுனித் துண்டுகளுக்குள் ஒரு ரப்பர் இழை ஓடுகிறது. அதன் முனையில் நைலான் நரம்பைக் கட்டுகிறார்கள். மீன் ஓடினால் ரப்பர் நீண்டு கொடுக்கும் என்பதால் 0.1 மி.மீ. தடிமனுள்ள நரம்பும் அறுவதில்லை. இதில் முக்கியமானது வேறொன்று. ரீல் தூண்டிலில் தக்கையை வீசி எறிய வேண்டும், எறிய எடை வேண்டும். கோலில் எறிதலே இல்லை. தக்கையைக் கொண்டுபோய் நீரில் இறக்கி வைக்கிறோம். கோலின் நுனி தக்கைக்கு மேலேயே நிற்கிறது. எடை தேவையில்லை என்றானதும் தக்கை சுருங்கத் தொடங்கியது. இன்று கடைகளில் 0.1 கிராம் ஈயத்தை மட்டுமே தாங்கும் தக்கைகள் கிடைக்கின்றன.

அவற்றின் உடல் பால்சா மரத்தாலோ நுரைப் பிளாஸ்டிக்காலோ ஆனது. கீழே கம்பி, கார்பன் அல்லது கண்ணாடி இழைத் தண்டு. மேலே ஆரஞ்சோ மஞ்சளோ பூசிய ஒரு மெல்லிய முனை. கதாநாயகன் அந்த முனைதான். ஆனால் பாக்கெட்டில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பது உடலின் கொள்ளளவை.

தக்கை ஒரு தராசு. அது என்ன அளக்கிறது என்பதை ஆர்க்கிமிடீஸை வைத்தே சொல்லிவிடலாம். மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான எடையுள்ள நீரை விலக்குகிறது. தக்கை, நரம்பில் கடித்து வைத்த ஈயக்குண்டுகள், முள், இரை எல்லாவற்றையும் தாங்கும் அளவுக்கு நீர் விலகும் வரை தக்கை மூழ்கும். தூண்டில்காரர் குண்டுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து, உடல் முழுவதும் நீருக்குள் போய் முனை மட்டும் வெளியே தெரியும் நிலைக்குக் கொண்டுவருகிறார். இப்போது கீழே இன்னும் சில மில்லிகிராம் கூடினால், அதை ஈடுகட்ட முனை இறங்கியாக வேண்டும். எவ்வளவு இறங்கும்? அது முனையின் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது, அதை மட்டுமே பொறுத்தது. உடல் எவ்வளவு பெரியது, எந்த மரம், என்ன விலை என்பவை இந்தக் கணக்கில் நுழைவதே இல்லை.

பால் சொசைட்டியில் பாலில் விட்டுப் பார்க்கும் லாக்டோமீட்டரை நினைத்துப் பாருங்கள். கீழே பெருத்த குமிழ், மேலே கோடு போட்ட ஒல்லியான கண்ணாடித் தண்டு. அந்தத் தண்டு ஒல்லியாக இருப்பதால்தான் தண்ணீர் கலந்த பாலின் சிறு அடர்த்தி வித்தியாசமும் பல கோடுகளாக விரிந்து காட்டுகிறது. கோல்தக்கையும் அதே இயற்பியல்தான்.

எண்களாகப் பார்ப்போம். முனையின் விட்டம் 5 மி.மீ. என்றால் அதை ஒரு சென்டிமீட்டர் அமிழ்த்த 196 மில்லிகிராம் தேவை. 2 மி.மீ. முனைக்கு 31 மில்லிகிராம். 1 மி.மீ. முனைக்கு எட்டு. அரை மில்லிமீட்டர் முனைக்கு வெறும் இரண்டு. விட்டம் பாதியானால் தேவைப்படும் எடை கால் பங்காகிறது. நம் ஊர்க் குளக்கரைகளில் நரம்பில் செருகும் 2 செ.மீ. தெர்மாகோல் உருண்டையை எடுத்துக்கொண்டால், பாதி மூழ்கிய நிலையில் அதை ஒரே ஒரு மில்லிமீட்டர் இறக்க 300 மில்லிகிராமுக்கு மேல் வேண்டும். கெளுத்தி இழுத்தால் அது தெரியும். உறிஞ்சித் துப்பும் மீன் ஒருபோதும் தெரியாது.

இந்தக் கணக்கு தலைகீழாகவும் வேலை செய்கிறது என்பதில்தான் குளத்து மீன்பிடிப்பின் சுவாரசியம் இருக்கிறது. ப்ரீம் என்ற மீன் தலையைச் சாய்த்துத் தரையிலிருந்து இரையை எடுத்துவிட்டு, பிறகு நிமிரும். நிமிரும்போது முள்ளுக்கு அருகிலுள்ள கடைசி ஈயக்குண்டையும் சேர்த்துத் தூக்கிவிடும். தராசுத் தட்டிலிருந்து ஒரு படிக்கல்லை எடுத்ததுபோலத்தான் இதுவும்: தக்கை மூழ்காமல் எழும்பும். இங்கிலாந்தில் 12-ஆம் எண் குண்டின் எடை சுமார் 20 மில்லிகிராம். நீருக்குள் அது 18 மில்லிகிராம் அளவுக்கு இழுக்கும். அந்த இழுப்பு நீங்கினால் 1 மி.மீ. முனை இரண்டேகால் சென்டிமீட்டருக்கும் சற்று அதிகமாக எழும். 5 மி.மீ. முனையோ ஒரு மில்லிமீட்டர்கூட எழாது. தக்கை மூழ்கும்வரை காத்திருப்பவர் இந்த மீனைத் தவறவிடுவார். எழும்பும் தக்கைக்கும் இழுக்கத் தெரிந்தவரே ப்ரீமையும் டென்ச் என்ற மீனையும் பிடிப்பார்.

இந்த ஈயக்குண்டுகளின் எண்முறை ஒரு தனித் தலைவலி. உருண்டைக் குண்டில் எண் கூடக்கூட எடை குறையும்: எட்டாம் எண் 60 மில்லிகிராம், 12-ஆம் எண் 20. ஆனால் தக்கைகளின் மேல் 4×10, 4×12, 4×14 என்று எழுதியிருப்பது பிரெஞ்சு உருளை ஈயத் துண்டுகளின் கணக்கு. அதில் எண் கூடினால் எடையும் கூடும். 4×10 ஏறத்தாழ 0.1 கிராம், 4×12 ஏறத்தாழ 0.2, 4×14 ஏறத்தாழ 0.4. இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்துப் பழகும் ஐரோப்பியர்களின் பொறுமையை மெச்சத்தான் வேண்டும்.

ஈயத்துக்கு ஒரு சட்டக் கதையும் உண்டு. தேம்ஸ் உள்ளிட்ட ஆறுகளில் அன்னங்கள் கரையோரத்தில் சிந்திக் கிடந்த ஈயக்குண்டுகளை விழுங்கி நஞ்சேறிச் செத்தன. உணவை அரைக்க இரைப்பையில் கூழாங்கல் சேர்த்துக்கொள்ளும் பறவை அது; குண்டையும் கல்லென்றே எடுத்துக்கொண்டது. அரைபட அரைபட ஈயம் இரத்தத்தில் கலந்தது. 1987 தொடக்கத்திலிருந்து 0.06 கிராமுக்கு மேல் 28.35 கிராம் வரையிலான தூண்டில் ஈயத்தின் விற்பனை அங்கே தடை செய்யப்பட்டது. எட்டாம் எண்ணும் அதைவிடச் சிறிய பொடிக்குண்டுகளும் தப்பின. கோல்தக்கைக்காரர்கள் பயன்படுத்துவது பெரும்பாலும் அந்தப் பொடிக்குண்டுகளைத்தான்.

முனையை மெலிதாக்கிக்கொண்டே போனால் நுணுக்கம் எல்லையில்லாமல் கூடுமா? இங்கேதான் ஆர்க்கிமிடீஸ் ஒதுங்கி, வேறொரு விசை முன்னே வருகிறது. தண்ணீரின் மேற்பரப்பு இழுத்துக் கட்டிய தோல்போல நடந்துகொள்ளும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம், பரப்பு இழுவிசை. முனை அந்தப் பரப்பைத் துளைத்துக்கொண்டு நிற்கிறது. துளைக்கும் வளையம் முழுவதிலும் நீர் முனையைப் பற்றியிருக்கிறது. 20 டிகிரி செல்சியஸில் தூய நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 0.073 நியூட்டன். 1 மி.மீ. முனையின் சுற்றளவு 3.14 மி.மீ. பெருக்கிப் பார்த்தால் அந்தப் பற்று அதிகபட்சம் 23 மில்லிகிராம் எடைக்குச் சமம் என்று வருகிறது. அதே முனையை ஒரு சென்டிமீட்டர் அமிழ்த்தத் தேவையானது எட்டு மில்லிகிராம்தான் என்பதை மறக்க வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத நீர்த்தோலின் பிடி, மூன்று சென்டிமீட்டர் முனையின் மிதப்புவிசைக்கு ஈடாக நிற்கிறது.

இன்னும் மெலிந்தால் நிலைமை மோசம். மிதப்புவிசை விட்டத்தின் இருமடியைப் பொறுத்துக் குறைகிறது. பரப்பின் பற்று விட்டத்தை மட்டும் பொறுத்துக் குறைகிறது. அரை மில்லிமீட்டர் முனையில் மிதப்பு சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராமாகச் சுருங்க, பரப்பின் பற்று 11 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. அளவுக்கு மீறி மெலிந்த முனை மீனின் இழுப்பை அளப்பதைவிட நீர்த்தோலின் மனநிலையைத்தான் அதிகம் அளக்கிறது.

இந்தப் பற்று எந்தத் திசையில் இழுக்கும் என்பது முனை நனைகிறதா இல்லையா என்பதைப் பொறுத்தது. நனையும் முனையில் நீர் சற்று மேலேறி ஒட்டிக்கொள்ளும். தக்கையைக் கீழே இழுக்கும். நனையாத, மெழுகோ கிரீஸோ தடவிய முனையில் நீர் உள்வாங்கி நிற்கும். தக்கையை மேலே தாங்கும். நீருக்கும் முனைக்கும் இடையிலான தொடுகோணம் நனையும் முனையில் 60 டிகிரி, கிரீஸ் தடவிய முனையில் 110 டிகிரி என்று வைத்துக் கணக்கிட்டால், முதலாவது சுமார் 12 மில்லிகிராம் கீழே இழுக்கிறது, இரண்டாவது சுமார் 8 மில்லிகிராம் மேலே தாங்குகிறது. இடைவெளி 20 மில்லிகிராம். ஒரு முழு 12-ஆம் எண் குண்டு! பந்தயத் தூண்டில்காரர்கள் முனையில் ஒரு சொட்டு கிரீஸ் தடவுவதைப் பார்த்துச் சடங்கு என்று சிரிப்பவர்கள் உண்டு. சடங்கில்லை, இயற்பியல். ஒரு குண்டு கூடுதலாகச் சேர்த்தும் முனை வெளியே நிற்கும். மீன் தொட்டு அந்த வளையம் ஒருமுறை அறுந்துவிட்டால் முனை தயங்காமல் உள்ளே போகும்.

இன்னொன்றும் இருக்கிறது. முனை இறங்கும்போது இருக்கும் தொடுகோணமும் ஏறும்போது இருக்கும் தொடுகோணமும் ஒன்றல்ல. காய்ந்த பரப்பின்மேல் முன்னேறும்போது நீர் தயங்கும். நனைந்த பரப்பை விட்டு விலகும்போது ஒட்டிக்கொள்ளும். ஆகவே நீர்க்கோடு முனையில் ஓரிடத்தில் ஒட்டி நின்று, பிறகு சட்டென்று வழுக்கும். தக்கை அசையாமல் நின்றது, திடீரென்று ஒரு துள்ளு துள்ளியது என்பதற்கெல்லாம் மீனே காரணமாக இருக்க வேண்டியதில்லை. வீட்டு வாளியில் கச்சிதமாகக் குண்டு சேர்த்த தக்கை, மகரந்தமும் இலைச்சாறும் மிதக்கும் குளத்தில் வேறு உயரத்தில் நிற்பதற்கும் நீர்த்தோலின் மாற்றமே ஒரு காரணம்.

வெப்பநிலையும் தன் பங்கைக் கேட்கும். 5 டிகிரி நீரைவிட 25 டிகிரி நீரின் அடர்த்தி 0.3 சதவீதம் குறைவு. சிறிய விஷயமாகத் தோன்றலாம். தக்கையும் குண்டுகளும் சேர்ந்து 2 கிராம் என்றால் அந்த 0.3 சதவீதம் கிட்டத்தட்ட 6 மில்லிகிராம், 1 மி.மீ. முனையில் அது ஏழு மில்லிமீட்டர். குளிர்காலத்தில் சரியாக நின்ற தக்கை கோடையில் முக்கால் சென்டிமீட்டர் அமிழ்ந்து நிற்கும். அதே முனை கொண்ட 0.5 கிராம் அமைப்பில் இந்த மாற்றம் இரண்டு மில்லிமீட்டரைத் தாண்டாது.

இப்படி மொத்த எடை பின்கதவு வழியாக உள்ளே வருகிறது. உடலின் அளவு கணக்கில் நுழையாது என்று மேலே சொன்னது நின்று நிதானித்து அளக்கும் தராசுக்குத்தான். மீன் நிதானிக்க விடுவதில்லை. 20 மில்லிகிராம் எடைக்கு ஈடான ஓர் இழுப்பு பத்தில் ஒரு நொடி மட்டும் நீடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அரை கிராம் நிறையுள்ள அமைப்பை அது அந்த நேரத்துக்குள் 2 மி.மீ. நகர்த்தும். 2 கிராம் அமைப்பை அரை மில்லிமீட்டர்தான் நகர்த்தும். விசை ஒன்றே, முனை ஒன்றே. நிலைமம் நான்கு மடங்கு. எனவே நுணுக்கம் என்று பொதுவாகச் சொல்வதில் இரண்டு தனித்தனிக் குணங்கள் கலந்திருக்கின்றன. எவ்வளவு சிறிய எடையைக் காட்டும் என்பதை முனை தீர்மானிக்கிறது. எவ்வளவு சீக்கிரம் காட்டும் என்பதை மொத்த நிறை தீர்மானிக்கிறது.

இவை இரண்டும் ஒன்றுக்கொன்று முட்டிக்கொள்ளும் இடமும் உண்டு. தக்கையை லேசாக அழுத்திவிட்டால் மேலும் கீழும் ஆடி அடங்கும். முனை மெலிந்தால் அதை மீட்டெடுக்கும் விசையும் மெலிகிறது, ஆட்டம் மந்தமாகிறது. நீரின் உராய்வையும் பரப்பு இழுவிசையையும் ஒதுக்கிவிட்டுக் கணக்கிட்டால், 1 மி.மீ. முனையும் அரை கிராம் நிறையும் உள்ள தக்கை ஒருமுறை ஆட 1.6 நொடி ஆகும். 2 கிராமில் 3.2 நொடி. நுட்பமான தராசு நிலைக்கு வரத் தாமதிக்கும் என்பது ஆய்வகத்தில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரிந்ததுதான். அந்தத் தாமதத்தைக் குறைக்க ஒரே வழி நிறையைக் குறைப்பது. இரண்டு மீட்டர் ஆழமுள்ள அமைதியான குளத்துக்கு 0.2 கிராம் தக்கை போதும் என்று அனுபவசாலிகள் சொல்வதன் பொருள் இதுவே.

காற்று அடித்தால் இந்த நேர்த்தியெல்லாம் சற்றுக் குலையும். மேற்பரப்பு நீர் காற்றின் வேகத்தில் ஏறத்தாழ மூன்று சதவீத வேகத்தில் நகரும். நொடிக்கு 5 மீட்டர் காற்றுக்கு நீர்த்தோல் நொடிக்கு 15 சென்டிமீட்டர் ஓடும். மூடிய குளத்தில் கரையில் குவியும் நீர் அடியில் எதிர்த்திசையில் திரும்பும். அப்போது நீண்ட தண்டும் கனத்த உடலும் கொண்ட தக்கைதான் நிலைத்து நிற்கும். மெல்லிய முனை அலையில் காணாமல் போகும், தடித்த முனையே கண்ணுக்குத் தெரியும். கனமான இறைச்சித் துண்டையோ பிசைந்த மாவையோ இரையாக மாட்டினாலும் தடித்த முனைதான் தேவை. எல்லா நாளுக்கும் எல்லா இரைக்கும் மெல்லிய முனைதான் சிறந்தது என்று விற்பவர்களை நம்ப வேண்டாம்.

மெல்லிய முனைக்கு ஏற்ற இரைகள் எடையற்றவை: ஈப்புழு, சிறு கூட்டுப்புழு, ரத்தப்புழு. ரத்தப்புழு என்பது கடிக்காத ஒருவகைக் கொசுவின் இளம்பருவம். பிராணவாயு குறைந்த சேற்றில் வாழ்வதால் உடலில் ஹீமோகுளோபினைச் சேர்த்து வைத்திருக்கிறது, அதனால் சிவப்பு. உலகப் போட்டிகளில் இதைக் கோத்துச் சிறு மீன்களைக் கிராம் கிராமாகச் சேர்த்தே வெற்றி தோல்வி முடிவாகிறது. இங்கிலாந்தின் பாப் நட் 1990, 1991, 1994, 1999 ஆகிய ஆண்டுகளில் தனிநபர் பட்டம் வென்றார். அலன் ஸ்காட்தோர்ன் 1996, 1997, 1998, 2003, 2007 என ஐந்து முறை வென்றார்.

ஆனாலும் தக்கையைத் தராசாக முழுமையாகப் பயன்படுத்தியவர்கள் என் கணிப்பில் ஐரோப்பியர்கள் அல்ல, ஜப்பானியர்கள்தான்.

அங்கே பிவா ஏரியைப் பூர்வீகமாகக் கொண்ட கெங்கோரோபுனா என்ற மீன் இருக்கிறது. குருசியன் கெண்டைக்கு நெருங்கிய உறவு, அதைவிடப் பெரியது. பிவாவில் இயற்கையாக வாழும் இனம் இன்று அருகிவரும் உயிரினப் பட்டியலில் இருந்தாலும், ஒசாகா பகுதியில் வளர்த்துத் தேர்ந்தெடுத்த வகையை நாடெங்கும் ஏரிகளிலும் கட்டணக் குளங்களிலும் விட்டிருக்கிறார்கள். அதற்கு ஹெராபுனா என்று பெயர். செவுளில் நெருக்கமாக அமைந்த நீண்ட முட்களால் நீரை வடிகட்டி மிதவைப் பாசியைத் தின்னும் மீன். புழுவைத் துரத்தி ஓடும் பழக்கம் இல்லை. ஆகவே இதற்கு இரை, நீரில் கரையும் மாவு: உருளைக்கிழங்குத் தூள், கோதுமைப் பசைப்புரதம் போன்றவற்றைப் பிசைந்து சிறு உருண்டையாக முள்ளில் பிடித்து வைப்பார்கள். உருண்டை கரைந்து மேகமாகப் பரவும். அந்த மேகத்தை உறிஞ்சும் மீன் நடுவிலுள்ள உருண்டையையும் சேர்த்து உறிஞ்சும்.

இந்த மீனுக்கான தக்கையின் முனை நீளமானது, அதில் வரிசையாக வண்ணப் பட்டைகள். உடலை மயிலிறகுத் தண்டாலோ ஒருவகை நாணலைப் பிளந்து ஒட்டியோ செய்கிறார்கள். நரம்பில் குண்டுக்குப் பதிலாக மெல்லிய ஈயத்தகட்டைச் சுற்றி, கத்தரிக்கோலால் இழை இழையாக நறுக்கி எடையைச் சரிசெய்வார்கள். முதலில் வெறும் முள்ளோடு தக்கை எந்தப் பட்டையில் நிற்கிறது என்று குறித்துக்கொள்வார்கள். பிறகு இரையோடு எந்தப் பட்டை வரை இறங்குகிறது என்று பார்ப்பார்கள். அரை கிராம் மாவு உருண்டையின் அடர்த்தி நீரைவிடப் பத்து சதவீதம் அதிகம் என்றால், நீருக்குள் அதன் எடை 45 மில்லிகிராம்தான். ஒரு சென்டிமீட்டர் பட்டைக்கு எட்டு ஒன்பது மில்லிகிராம் என்று வைத்தால் ஐந்து பட்டைகள் மூழ்கும்.

இனி தக்கை பேசத் தொடங்கும். இரை கரையக் கரையப் பட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வரும். ஒரே சீராக வந்தால் பக்கத்தில் மீன் இல்லை. இடையில் தயங்கி, அலைந்து, பாதிப் பட்டை ஏறி இறங்கினால் மீன் வந்துவிட்டது. அது கிளப்பும் நீரோட்டம் நரம்பைத் தள்ளுகிறது. வெறும் முள் பட்டைக்குத் திரும்பிவிட்டால் இரை தீர்ந்தது, எடுத்து மறுபடி பிசைந்து வைக்க வேண்டியதுதான். மீன் உறிஞ்சும் கணத்தில் ஒரு பட்டையோ அதைவிடக் குறைவாகவோ ஒரு சுருக்கமான, கூர்மையான இறக்கம். அதற்கு முந்திய ஆட்டங்களுக்கெல்லாம் கை சும்மா இருக்க வேண்டும். இந்த ஒன்றுக்கு மட்டும் கோலைத் தூக்க வேண்டும். முனை உள்ளீடற்ற குழாயாக இருந்தால் கரையும் இரையோடு வேகமாக எழும்பும். கெட்டியான கண்ணாடி இழையாக இருந்தால் தயங்கித் தயங்கி எழும்பும், இரை மெல்லப் படியும். இரண்டில் எது வேண்டும் என்பதே அங்கே மணிக்கணக்கில் வாதம் செய்யும் விஷயம். இந்த மீனுக்காக மூங்கிலில் கைவேலையாகச் செய்யும் கோல்களை 2013-இல் ஜப்பான் அரசு மரபுக் கைவினையாக அங்கீகரித்தது. வாகயாமா மாகாணத்தின் ஹஷிமோட்டோ நகரம் அதன் மையம்.

இதில் பெரும்பகுதியை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு திராட்சையளவு தெர்மாகோல் துண்டில் துடைப்பத்து ஈர்க்குச்சியைச் செருகி, கீழே செப்புக் கம்பியைச் சுற்றி, ஈர்க்கு மட்டும் வெளியே நிற்கும்வரை கம்பியைக் கூட்டிக் குறையுங்கள். வெளியே நிற்கும் ஈர்க்கில் மெழுகுவத்தியை நன்றாகத் தேய்த்துவிட்டு மறுபடி நீரில் விட்டால் தக்கை முன்பைவிட உயரமாக நிற்கும். அதே வாளியில் பாத்திரம் கழுவும் சோப்பு நீர் ஒரு துளி விட்டால் இறங்கும். ஒரு மில்லிகிராம்கூடச் சேர்க்காமல், எடுக்காமல் நடக்கும் மாற்றம் இது.

தக்கை வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: உடலின் வார்னிஷையும் அச்சிட்ட எண்ணையும் பார்ப்பதற்கு முன் முனையின் விட்டத்தைக் கேளுங்கள். 1 மி.மீ. முனையுள்ள மலிவான தக்கை, 2 மி.மீ. முனையுள்ள விலையுயர்ந்த தக்கையைவிட நான்கு மடங்கு நுட்பமானது.